எழுபது மெயில், மூன்று பதில்: போஸ்ட்டாக் தேடலில் எங்கே பிசகுகிறது?

கேள்வி: ஐயா, வணக்கம். சோடியம்-அயன் பேட்டரிகளுக்கான ஹார்ட் கார்பன் ஆனோடு பற்றி பிஎச்.டி. செய்துவருகிறேன். எட்டு மாதத்தில் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். முதல் ஆசிரியராக இரண்டு கட்டுரைகள் வெளிவந்துவிட்டன, மூன்றாவது பரிசீலனையில் இருக்கிறது. கடந்த நான்கு மாதங்களில் எழுபது பேராசிரியர்களுக்கு போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி) கேட்டு மெயில் அனுப்பினேன். பதில் போட்டவர்கள் மூன்றே பேர், மூவரும் 'இப்போது இடமில்லை' என்றார்கள். அனுப்பிய மெயிலின் நகலை இணைத்திருக்கிறேன். ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பிக்கலாமா, அதற்கான நேரம் தாண்டிவிட்டதா? வேலை கிடைக்கும்வரை ஆய்வேட்டைத் தள்ளிப்போடலாமா? 'ஒரு வருடம் இங்கேயே இரு' என்கிறார் கைடு. என்ன செய்வதென்று புரியவில்லை.

பதில்: உங்கள் தகுதியில் குறை எதுவும் தெரியவில்லை. முதல் ஆசிரியராக இரண்டு கட்டுரைகள், மூன்றாவது பரிசீலனையில் என்பது போஸ்ட்டாக் தேடப் போதுமான கையிருப்பு. யாருக்கு எழுதினீர்கள், எந்த நேரத்தில் எழுதினீர்கள் என்பதில்தான் பிசகு. மெயிலிலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

'இப்போது இடமில்லை' என்ற பதிலைப் பெரும்பாலோர் நாகரிகமான மறுப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். பல நேரங்களில் அது அப்படியே உண்மை. பிஎச்.டி. சேர்க்கை போல ஆண்டுதோறும் திறக்கும் இடமல்ல இது. பேராசிரியர் ஒரு ஆய்வு நிதி வாங்குகிறார், அதன் பட்ஜெட்டில் 'ஒரு போஸ்ட்டாக், இரண்டு ஆண்டு' என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியில் ஆள் சேர்ந்துவிட்டால், நீங்கள் எவ்வளவு நல்ல ஆய்வாளராக இருந்தாலும் அவர் கையில் பணம் கிடையாது. ஆகவே வழி இரண்டுதான். அப்படியொரு வரி காலியாக இருக்கும் ஆய்வகத்தைக் கண்டுபிடிப்பது ஒன்று. உங்கள் சம்பளத்தை நீங்களே ஃபெல்லோஷிப்பாகக் கொண்டுபோவது இன்னொன்று; அப்போது உங்களைச் சேர்த்துக்கொள்ளும் இடத்துக்கு 'ஏற்பு நிறுவனம்' என்று பெயர். இரண்டையும் ஒன்றாகக் குழப்பி எழுதிய மெயிலுக்கு, படிப்பவரால் என்ன பதில் சொல்ல முடியும்?

காலியிடம் எங்கே என்பதை விளம்பரம் வருவதற்கு முன்பே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். நிதி வழங்கும் அமைப்புகள் யாருக்கு, எதற்கு, எந்தத் தேதியிலிருந்து எதுவரை பணம் கொடுத்தன என்பதைப் பொதுவில் வைக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத் திட்டங்களுக்கு கார்டிஸ், ஜெர்மனியின் டி.எஃப்.ஜி. நிதிக்கு கெப்ரிஸ், பிரிட்டனுக்கு கேட்வே டு ரிசர்ச், அமெரிக்காவில் என்.எஸ்.எஃப். அவார்டு சர்ச், மருத்துவ, உயிரியல் ஆய்வுகளுக்கு என்.ஐ.ஹெச். ரிப்போர்ட்டர். எல்லாமே இலவசம். 'சோடியம்-அயன்', 'ஹார்ட் கார்பன்' என்று தேடி, தொடக்கத் தேதியை வைத்து வரிசைப்படுத்துங்கள். கடந்த ஆறு மாதத்தில் தொடங்கியவையும் அடுத்த சில மாதங்களில் தொடங்கப்போகிறவையும்தான் உங்களுக்கு வேண்டியவை. நான்காம் ஆண்டில் ஓடிக்கொண்டிருக்கும் திட்டத்தில் ஆள் எப்போதோ சேர்ந்திருப்பார்.

ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் ஸ்டார்ட்டிங் கிராண்ட் நல்ல உதாரணம். ஐந்து ஆண்டுக்கு 15 லட்சம் யூரோ வரை கிடைக்கும். வழக்கமாக செப்டம்பர் தொடக்கத்தில் முடிவு வரும், தேர்வானவர்களின் பட்டியலையும் வெளியிடுவார்கள். அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் அடுத்த பல மாதங்களும் ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள். பெரிய பெயர்களுக்குக் குவியும் மெயில் அவர்களுக்கு இன்னும் வருவதில்லை, அதனால் நீங்கள் எழுதுவது படிக்கப்படும். புதிதாக உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து ஆய்வகம் அமைப்பவர்களும் அப்படியே. நீங்கள் படிக்கும் கட்டுரைகளின் கடைசியில் நன்றி தெரிவிக்கும் பகுதியில் நிதி எண் இருக்கும். அதைத் தேடினாலும் திட்டத்தின் ஆயுள் தெரிந்துவிடும்.

விளம்பரங்களுக்கு யூராக்ஸெஸ், ஜாப்ஸ் டாட் ஏசி டாட் யுகே, நேச்சர் கரியர்ஸ், அகாடமிக் பொசிஷன்ஸ் ஆகியவற்றில் சொற்களைக் கொடுத்து மெயில் அலர்ட் வைத்துவிடுங்கள். கணிதத்துக்கு மேத்ஜாப்ஸ், வானியலுக்கு அமெரிக்க வானியல் சங்கத்தின் ஜாப் ரெஜிஸ்டர், உயர் ஆற்றல் இயற்பியலுக்கு இன்ஸ்பையர், தத்துவத்துக்கு ஃபில்ஜாப்ஸ் எனத் துறைதோறும் தனிப் பலகைகளும் உண்டு. 'போஸ்ட்டாக்' என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்துத் தேடினால் பாதி தப்பிப்போகும். பிரிட்டனில் அதே வேலைக்கு ரிசர்ச் அசோசியேட் என்று பெயர், ஜெர்மனியில் விஸன்ஷாஃப்ட்லிஹர் மிட்டார்பைட்டர் என்று விளம்பரம் வரும். 'ஃபெல்லோ' என்ற சொல்லையும் நம்பிவிடாதீர்கள். ஓரிடத்தில் அது சொந்த நிதியோடு சுதந்திரமாக இயங்குபவரைக் குறிக்கும், இன்னோரிடத்தில் சாதாரண திட்டப் பணியாளருக்கும் அதே பெயர்தான். யார் சம்பளம் தருகிறார்கள், யார் திட்டத்தில் வேலை என்று பாருங்கள்.

இனி உங்கள் மெயில். 'உங்கள் மதிப்புமிக்க ஆய்வகத்தில் சேர மிகுந்த ஆவலாக இருக்கிறேன், எந்தத் தலைப்பிலும் கடுமையாக உழைக்கத் தயார்' என்று தொடங்குகிறீர்கள். பணிவாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் 'எந்தத் தலைப்பிலும்' என்ற இடத்திலேயே படிப்பவர் நிறுத்திவிடுவார். உங்களால் எதைச் செய்ய முடியும் என்பதே அவருக்கு வேண்டும், அது மெயிலில் நான்காவது பத்தியில் கிடக்கிறது. எழுபது பேருக்கும் இதே மெயில் போயிருக்கிறது என்பதும் அந்த முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது.

இப்படி எழுதிப்பாருங்கள். எந்த மொழியில் அனுப்பினாலும் வரிசை இதுவே:

'ஹார்ட் கார்பனில் முதல் சுற்று இழப்பு மின்பகுளியைப் பொறுத்து மாறுவதைப் பற்றிய உங்கள் சென்ற ஆண்டுக் கட்டுரையைப் படித்தேன். படலம் உருவாகும்போதே அளந்தால் மட்டுமே தீரும் ஒரு கேள்வியை முடிவுரையில் விட்டுவைத்திருக்கிறீர்கள். என் பிஎச்.டி.யில் மூன்று மின்முனை செல்லில், சார்ஜ் ஏறும்போதே இம்பீடன்ஸ் அளக்கும் முறையை அமைத்து, அதே வகைக் கார்பனில் பயன்படுத்தியிருக்கிறேன் (இணைப்பில் இரண்டாவது கட்டுரை, படம் 4). வரும் மார்ச்சில் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கிறேன், ஆகஸ்ட் முதல் சேர முடியும். இந்த ஆண்டு தொடங்கிய உங்கள் சோடியம்-அயன் திட்டத்தில் போஸ்ட்டாக் இடம் உண்டா? இல்லையென்றால், உங்கள் ஆய்வகத்தை ஏற்பு நிறுவனமாக வைத்து ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பிக்க விரும்புகிறேன். அதைப் பற்றி இருபது நிமிடம் பேச முடியுமா?'

படிப்பவர் ஒரு நிமிடத்தில் முடிவெடுக்க வேண்டிய எல்லாமே இதில் இருக்கிறது: அவருடைய கேள்வி, அதற்கு உங்கள் கையில் இருக்கும் கருவி, ஆதாரம் எந்தப் படத்தில், எப்போது வர முடியும், பணம் யாருடையது. நீளம் 150 முதல் 200 சொல்லுக்குள் நிற்கட்டும். இணைப்பாக இரண்டு பக்க சி.வி. ஒரே பி.டி.எஃப். கோப்பாகப் போதும், கட்டுரைகளுக்கு இணைப்பு முகவரி கொடுங்கள். பொருள் வரியில் 'போஸ்ட்டாக் விண்ணப்பம்' என்று மொட்டையாகப் போடாமல் 'போஸ்ட்டாக் வினவல்: ஹார்ட் கார்பன், இயங்குநிலை இம்பீடன்ஸ், ஆகஸ்ட் முதல்' என்பதுபோல எழுதுங்கள். பதில் வராவிட்டால் பத்துப் பதினான்கு நாள் கழித்து அதே மெயிலுக்குக் கீழே இரண்டு வரியில் ஒருமுறை நினைவூட்டலாம். அதோடு விட்டுவிடுங்கள்.

இந்த மாதிரி மெயில் ஒன்றுக்கு மூன்று மணி நேரமாவது ஆகும், ஏனென்றால் இரண்டு கட்டுரைகளையாவது முழுசாகப் படிக்க வேண்டும். எழுபது பேருக்கு முடியாது. பன்னிரண்டு பேர் போதும். ஒரு விரிதாளில் பெயர், திட்டம் தொடங்கும் தேதி, அனுப்பிய நாள், நினைவூட்டிய நாள், பதில் என்று வரிசை போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பல்கலைக்கழகத்தின் ஒரே துறையில் இருவருக்கு ஒரே வாரத்தில் எழுதாதீர்கள், அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள்.

சி.வி.யில் ஒரே ஒரு திருத்தம். கட்டுரைப் பட்டியலில் 'தயாரிப்பில்' என்று ஐந்து தலைப்பு போட்டிருக்கிறீர்கள். எடுத்துவிடுங்கள். அவை எதையும் நிரூபிக்காது, உண்மையான இரண்டு கட்டுரைகளையும் மங்கச் செய்யும். பரிசீலனையில் இருப்பதை ப்ரீபிரிண்ட்டாக (இதழில் வருமுன்பே இணையத்தில்) வெளியிட கைடும் அந்த இதழும் அனுமதித்தால் உடனே போடுங்கள், படித்துப்பார்க்க ஒன்று கிடைக்கும். ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே உங்கள் பங்கு ஒரு வரி: 'செல் வடிவமைப்பு, இம்பீடன்ஸ் அளவீடு, முதல் வரைவு'.

விளம்பரம் வந்த பதவிக்கு முறை வேறு. குறிப்பாக பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் 'கட்டாயத் தகுதி', 'விரும்பத்தக்க தகுதி' என்று ஒரு பட்டியல் இருக்கும். தேர்வுக் குழு அந்தப் பட்டியலை வைத்துத்தான் மதிப்பெண் போடும். கவர் லெட்டரில் அதே வரிசையில், ஒவ்வொரு கட்டாயத் தகுதிக்கும் இரண்டு வரியில் சான்று கொடுங்கள். 'கையுறைப் பெட்டியில் வேலை செய்த அனுபவம்' என்று கேட்டிருந்தால், சி.வி.யிலிருந்து அவர்களே ஊகித்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடக் கூடாது. நல்ல ஆட்கள் இங்கேதான் முதல் சுற்றிலேயே விழுகிறார்கள்.

ஃபெல்லோஷிப்புக்கு நேரம் தாண்டிவிட்டதா என்று கேட்டீர்கள். தாண்டவில்லை. ஆனால் இங்கே நாள்காட்டிதான் எஜமான். ஐரோப்பாவின் மேரி ஸ்குவாடவ்ஸ்கா கியூரி போஸ்ட்டாக்டரல் ஃபெல்லோஷிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசித் தேதி வழக்கமாக செப்டம்பரில், முடிவு அடுத்த பிப்ரவரியில். பணியில் சேர அதற்கு மேலும் சில மாதங்கள். ஆக, விண்ணப்பிக்கும் நாளிலிருந்து முதல் சம்பளம் வரை ஏறக்குறைய ஒரு வருடம். அதற்கும் முன்னே இன்னொரு வாசல் உண்டு: பல பல்கலைக்கழகங்கள் பிப்ரவரி முதல் மே வரைக்குள்ளேயே 'விருப்பம் தெரிவிக்கும்' அழைப்பு விட்டு, யாரை ஆதரிப்பது என்று முடிவு செய்துவிடுகின்றன. ஆகஸ்டில் பேராசிரியரைத் தேடத் தொடங்குபவருக்கு அந்தக் கதவு மூடியிருக்கும்.

மேரி கியூரியின் இடப்பெயர்வு விதியை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் பலர் மாட்டுவது இதில்தான். கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில், ஏற்பு நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வசித்தோ வேலை செய்தோ இருக்கக் கூடாது. கடைசித் தேதி 2027 செப்டம்பர் என்றால், 2024 செப்டம்பரிலிருந்து எண்ணுவார்கள். 12 மாதம் தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை, துண்டு துண்டாக இருந்தாலும் கூட்டுவார்கள். விடுமுறைப் பயணம் போன்ற குறுகிய தங்கல்கள் கணக்கில் வராது. விளைவைப் பாருங்கள்: ஒரு நாட்டில் சாதாரண திட்டப் பதவியில் சேர்ந்து, 'பிறகு இங்கிருந்தே ஃபெல்லோஷிப் போடலாம்' என்று 14 மாதம் கழித்து நினைத்தால், அந்த நாட்டுக்கான தகுதி போய்விட்டிருக்கும். சேர்ந்த முதல் ஆண்டுக்குள் வரும் கடைசித் தேதியிலேயே போட்டுவிட வேண்டும்.

ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு கடிகாரம் ஓடுகிறது. ஹும்போல்ட் அறக்கட்டளையின் போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப் எல்லாத் துறைக்கும் உண்டு. பிஎச்.டி. முடித்து நான்கு ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், ஆண்டு முழுவதும் எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம், ஜெர்மனியில் ஏற்கும் பேராசிரியர் வேண்டும். உங்கள் எட்டு மாதக் கணக்குக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. ஜப்பானின் ஜே.எஸ்.பி.எஸ். ஃபெல்லோஷிப்பில் வரம்பு ஆறு ஆண்டு, அங்குள்ள பேராசிரியர் மூலமாகத்தான் விண்ணப்பம் போகும். உயிரியல் பக்கம் இருக்கும் நண்பர்களுக்கு எம்போ, எச்.எஃப்.எஸ்.பி. என்று இரண்டு. எம்போவில் பிஎச்.டி.க்குப் பிறகு இரண்டே ஆண்டுதான் அவகாசம். குடியுரிமையையும் முதலிலேயே பாருங்கள்: அமெரிக்க என்.ஐ.ஹெச்.சின் எஃப்-32 ஃபெல்லோஷிப் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும் மட்டுமே, அதன் கே-99 நிதி வெளிநாட்டவருக்கும் திறந்திருக்கிறது. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் வழிகாட்டியை மட்டும் நம்புங்கள். சீனியர் அனுப்பும் பழைய பி.டி.எஃப். ஆபத்து.

ஆய்வுத் திட்டம் எழுதும்போது மதிப்பெண் எங்கே இருக்கிறது என்று தெரிந்து எழுதுங்கள். மேரி கியூரியில் சிறப்பு 50 சதவீதம், தாக்கம் 30, செயல்படுத்தல் 20. பத்துப் பக்கத்துக்குள் மூன்றையும் அடக்க வேண்டும். அறிவியலுக்கே ஏழு பக்கம் கொடுத்துவிட்டு, வேலை அட்டவணையும் இடர்களும் அரைப் பக்கத்தில் அமுங்கிக் கிடக்கும் திட்டங்கள்தான் வழக்கமாகத் தோற்கின்றன. மதிப்பீட்டாளர் துருவுவது மூன்று இடங்களை. இந்த ஆய்வகம்தான் ஏன்? 'உலகப் புகழ்பெற்றது' என்பது பதிலாகாது. அங்கே மட்டும் இருக்கும் கருவியையோ திறமையையோ சொல்லுங்கள். நீங்கள் புதிதாக எதைக் கற்றுக்கொள்வீர்கள்? பிஎச்.டி.யின் நீட்சியாகவே இருந்தால் இங்கே மதிப்பெண் சரியும். முதல் சோதனை தோற்றால் மாற்று என்ன? ஹார்ட் கார்பன் படலம் நீங்கள் எதிர்பார்த்தபடி நிலைக்கவில்லை என்றால் பதினெட்டாம் மாதம் என்ன செய்துகொண்டிருப்பீர்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். முதல் வரைவை ஏற்கும் பேராசிரியருக்குக் கடைசித் தேதிக்கு எட்டு வாரம் முன்னதாக அனுப்புங்கள். கடைசி வாரத்தில் அனுப்பினால் நடையைத்தான் திருத்துவார், திட்டத்தைத் திருத்த நேரமிருக்காது.

பரிந்துரைக் கடிதம் கேட்பவர்களுக்கு மூன்று நான்கு வாரம் கொடுங்கள். கூடவே விளம்பரம், சி.வி., 'இந்த மூன்றைக் குறிப்பிட முடிந்தால் உதவும்' என்று மூன்று வரி. மூன்று பேரில் ஒருவராவது உங்கள் ஆய்வகத்துக்கு வெளியே இருக்கட்டும், கூட்டு ஆய்வாளரோ வைவாவில் (ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வில்) வெளித்தேர்வாளராக வந்தவரோ. பல்கலைக்கழக இணையத்தளங்கள் தானாக அனுப்பும் மெயில் அவர்களுடைய ஸ்பேமில் போய் விழுவது சகஜம். விண்ணப்பித்த மறுநாள் 'வந்ததா?' என்று கேட்டுவிடுங்கள்.

நேர்காணலுக்கு அழைத்தால் பெரும்பாலும் 15 முதல் 20 நிமிடம் பேசச் சொல்லி, பிறகு கேள்வி. கூட்டு முயற்சியில் உங்கள் கை எது, எந்தச் சோதனை தோற்றது, ஏன், முதல் மூன்று மாதத்தில் என்ன செய்வீர்கள் என்பவை ஏறக்குறைய நிச்சயம் வரும். நீங்கள் கேட்க வேண்டியவையும் உண்டு: நிதி எந்தத் தேதியில் முடிகிறது, ஒப்பந்தம் ஒரு வருடம் என்றால் நீட்டிப்பு எதைப் பொறுத்தது, இங்கிருந்து போகும்போது எந்தக் கேள்வியை என்னோடு கொண்டுபோகலாம். அந்த ஆய்வகத்தில் இப்போது இருக்கும் ஒரு போஸ்ட்டாக்கிடம் தனியாகப் பேசாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். பேச வழி செய்து தர பேராசிரியர் தயங்கினால் அதையே ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலை தருவதாகச் சொல்லும் கடிதம் கைக்கு வந்ததும், தருவது சம்பளமா உதவித்தொகையா என்று பாருங்கள். உதவித்தொகை என்றால் ஓய்வூதியம், வேலையின்மைக் காப்பீடு, சில இடங்களில் மருத்துவக் காப்பீடும்கூட உங்கள் பொறுப்பாகலாம். விசாவிலும் கணக்கு உண்டு. அமெரிக்காவின் ஜே-1 ரிசர்ச் ஸ்காலர் வகையில் அதிகபட்சம் ஐந்து ஆண்டு. சில மாதங்களிலேயே முடித்துக்கொண்டு திரும்பினாலும், அதே வகையில் மீண்டும் நுழைய 24 மாதத் தடை வந்துவிடும். அதனால் ஆறு மாதத்துக்குள் முடியும் பயணத்துக்கு ஷார்ட்-டெர்ம் ஸ்காலர் வகையைக் கேளுங்கள். பிரிட்டனில் பொருளறிவியல் (மெட்டீரியல்ஸ் சயின்ஸ்) போன்ற துறைகளுக்குப் பல நாட்டவரும் ஏடாஸ் என்ற பாதுகாப்பு அனுமதிச் சான்றிதழ் வாங்க வேண்டும், விசாவுக்கு முன்னதாக அதற்குச் சில வாரம் ஒதுக்குங்கள். 'பதிவுக் கட்டணம்', 'விசா முன்பணம்' என்று யாராவது பணம் கேட்டால் அது பல்கலைக்கழகமல்ல, மோசடி.

ஆய்வேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். பெரும்பாலான பதவிகளுக்குச் சேரும் நாளில் பட்டமோ, பட்டம் உறுதியானதற்கான பல்கலைக்கழகக் கடிதமோ வேண்டும். சமர்ப்பித்து வைவா முடிய ஆகும் மாதங்களை நீங்கள் கட்டுப்படுத்த முடியாது. கடிகாரம் முன்கூட்டியே ஓடத் தொடங்குமே என்று பயமிருந்தால், ஹும்போல்ட்டின் நான்கு ஆண்டில் சில மாதம் பெரிய இழப்பல்ல. பட்டமில்லாமல் கைநழுவும் ஒரு பதவி அதைவிடப் பெரிய இழப்பு.

கைடு சொல்லும் ஒரு வருடத்தை ஏற்கலாம், இரண்டு நிபந்தனையோடு: எந்தக் கட்டுரை முடியும், எந்த மாதம்வரை சம்பளம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மேரி கியூரியின் 12 மாத விதி ஏற்பு நாட்டைத்தான் பார்க்கிறது. இப்போது இருக்கும் நாட்டிலேயே ஏற்பு நிறுவனம் தேடாதவரை இந்த வருடம் உங்கள் தகுதியைத் தொடாது. அந்த மூன்று மணி நேர மெயில்களில் முதலாவதை இந்த வாரமே எழுதுங்கள். 'இடமில்லை' என்று பதில் போட்ட மூவரையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடாதீர்கள். உங்கள் மெயிலைத் திறந்து படித்தவர்கள் அவர்கள். ஏற்பு நிறுவனமாக இருப்பீர்களா என்று அவர்களிடம் நீங்கள் இன்னும் கேட்கவே இல்லை.